35,000 ஓட்டைகள்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது எல்லாரும் சொல்ற காரணம், அதுவும் உண்மைதான். ஆனா ஆணி இல்லாத சாயங்காலங்கள்லயும் எழுதாததுக்குக் காரணம் ஒரு தையல் மெஷின். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, வெயிட் பண்றேன். என் ரூம்மேட் ஒரு வாரம் சிரிச்சான். "என்ன மாப்ள, கோடு அடிக்கிறத விட்டுட்டு ஜாக்கெட் அடிக்கப் போறியா?"ன்னு கேட்டான். அவன் பேன்ட்டுக்கு ஜிப் மாத்திக் கொடுத்ததுக்கு அப்புறம் சிரிக்கிறதில்ல.

நான் தைக்கிறது ஜாக்கெட் இல்லை, குவில்ட். தெரியாதவங்களுக்காக ஒரு பத்தி (தெரிஞ்சவங்க அடுத்ததுக்குத் தாவிடலாம்). குவில்ட்டுன்னா மூணு அடுக்கு. மேல ஒரு துணி, கீழ ஒரு துணி, நடுவுல விரிப்பா பஞ்சு. அந்தப் பஞ்சு விரிப்புக்குப் பேரு பேட்டிங். சச்சினுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. மூணும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கிட்டு ஓடாம, மூணையும் சேர்த்துக் குத்தி எடுக்கிற தையல்தான் குவில்ட்டிங். அது இல்லேன்னா நாலு தடவை துவைச்சதும் பஞ்சு மொத்தமும் ஒரு மூலையில போய் உருண்டுக்கும், நம்ம ஊர்ல பழைய தலைகாணி ஆகுமே, அந்த மாதிரி.

நான் இருக்கிறது நியூஜெர்சியில. எங்க டீம்ல ரிட்டயர்மென்ட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு டெஸ்டர் அம்மா இருக்காங்க. நாம எழுதுற கோடுல ஓட்டை கண்டுபிடிக்கிறது வேலை, துணியில ஓட்டை போடுறது பொழுதுபோக்கு. அவங்கதான் எனக்கு இந்தக் கிறுக்கைப் பிடிக்க வெச்சது. அவங்க தயவுல ரெண்டு குவில்ட் முடிச்சிருந்தேன். ரெண்டுமே நேர்கோட்டுத் தையல். அதுக்கு வாக்கிங் ஃபுட்னு ஒரு கால் மாட்டணும். மேல் துணியையும் கீழ் துணியையும் ஒரே வேகத்துல நகர்த்தும். ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருந்தா போதும், மெஷின் தன்னால இழுத்துக்கிட்டுப் போகும்.

மூணாவது குவில்ட்டுக்கு அது ஒத்து வரல. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி சேலையப் பத்திச் சொல்லணும்.

பக்கத்து ஊர்ல இருக்கிற அக்காவுக்குப் பிரசவம். அம்மா மதுரையிலேர்ந்து வந்து இறங்கினாங்க. ரெண்டு பெட்டியில ஒண்ணு முழுக்க பருப்புப்பொடி, பிரசவ மருந்து, சீயக்காய். அதுக்கு அடியில ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள அம்மாச்சியோட சுங்குடிச் சேலை. கரும்பச்சையில வெள்ளைப் புள்ளி, அரக்குக் கரை. அம்மாச்சி போய் ஆறு வருஷம் ஆச்சு. அதுலேர்ந்து அந்தச் சேலை பீரோவுல மடிச்சபடியே இருந்திருக்கு.

நம்ம பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டாங்க, தெரியும்ல. பல வருஷம் துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன பழைய பருத்திதான். பாட்டி சேலையில சுத்தி, பாட்டி சேலையிலயே தூளி கட்டுவாங்க. அம்மா அதுக்குத்தான் தூக்கிட்டு வந்தாங்க. ஆனா இங்க கூரை ஜிப்சம் போர்டு, தூளி கட்ட உத்திரம் ஏது, கொக்கி ஏது? சரி, சுத்தறதுக்காவது ஆகட்டும்னு அம்மா சேலையை எடுத்து உதறினாங்க. மடிப்பு இருந்த கோட்டுலயே நீளமா ஒரு சத்தம். காகிதம் கிழியுற மாதிரி. ஆறு வருஷம் ஒரே மடிப்புல இருந்த பருத்தி அப்படித்தான் ஆகும், மடிப்புல இருக்கிற இழை இத்துப் போயிடும். அம்மா ஒண்ணும் பேசல. சேலையை மறுபடி மடிக்க ஆரம்பிச்சாங்க, அதே மடிப்புலயே.

"ம்மா, அத எங்கிட்ட குடு. பாப்பாவுக்கு விரிப்பு தைக்கிறேன்"னேன்.

"வெட்டுவியாடா?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியல. குவில்ட்டுன்னா வழக்கமா துணியைச் சின்னச் சின்னச் சதுரமா வெட்டி, அதையெல்லாம் ஒட்டுப் போடுறதுதான். அம்மாச்சி சேலையை அம்மா கண்ணு முன்னாடி அம்பது துண்டா ஆக்கற தைரியம் எனக்கில்ல. அப்போதான் ஹோல்கிளாத் ஞாபகம் வந்துச்சு. மேல் அடுக்கு முழுக்க ஒரே துணி, ஒட்டு எதுவும் கிடையாது, டிசைன் எல்லாமே குவில்ட்டிங் தையல்லதான். சேலையோட நல்ல பகுதியில 36 இஞ்சுக்கு 40 இஞ்ச், ஒரே ஒரு துண்டு. "ஒரு தடவைதான்மா வெட்டுவேன்"னேன். அம்மா யோசிச்சுட்டு மஞ்சப்பையைக் கொடுத்தாங்க.

இங்கதான் வாக்கிங் ஃபுட் ஒத்து வரல. நைஞ்ச துணிக்கு அது கொடுக்கிற இழுப்பு ஆகாது. அதுவும் இல்லாம சுங்குடிப் புள்ளி மேல குறுக்கால நேர்கோடு போட்டா, எழுதின பேப்பர் மேல கோடு அடிச்ச மாதிரி இருக்கும். எனக்கு அந்தப் புள்ளிகளைச் சுத்தித் தைக்கணும். அதுக்கு இருக்கிற ஒரே வழி ஃப்ரீ மோஷன். நான் அதுவரைக்கும் தொடாத ஏரியா.

ஃப்ரீ மோஷன்னா என்ன? தையல் மெஷின்ல ஊசிக்குக் கீழ பல்லு மாதிரி ரெண்டு மூணு வரிசை இருக்கும், பார்த்திருப்பீங்க. ஊசி மேல போறப்பல்லாம் அந்தப் பல்லு துணியைக் கவ்விப் பின்னாடி தள்ளும். ஒரு தையலுக்கு எவ்வளவு தள்ளுதோ அதுதான் தையல் நீளம். ஃப்ரீ மோஷன்ல அந்தப் பல்லைக் கீழ இறக்கிடுவோம். காலையும் மாத்தி ஸ்பிரிங் வெச்ச ஒரு காலைப் போடுவோம். ஊசி மேல போறப்ப அதுவும் எழும்பி, துணி நகர வழிவிடும். ஊசி கீழ குத்தறப்ப அதுவும் இறங்கி, துணி ஊசியோட சேர்ந்து மேல வராம அமுக்கிப் பிடிச்சுக்கும். அவ்வளவுதான். இனிமே மெஷினுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, மேலயும் கீழயும் குத்தறது. எந்தத் திசை, எவ்வளவு நீளம், நேரா வளைவா, எல்லாம் நம்ம ரெண்டு கையும்தான். முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல, எங்க வேணா போகலாம். பென்சில் அசையாம நிக்குது, நாம பேப்பரை நகர்த்தி எழுதறோம்னு வெச்சுக்குங்க.

எஞ்சினியர் புத்தி, உடனே கணக்குப் போட்டேன். ஸ்லைடரை முக்காலுக்கு வெச்சா என் மெஷின் சுமாரா நிமிஷத்துக்கு 600 தையல் போடும், அதாவது நொடிக்கு 10. பார்க்க நல்லா இருக்கிற தையல், இஞ்சுக்கு 10. ஆக என் கை நொடிக்கு ஒரு இஞ்ச் நகரணும். கை வேகமாப் போனா தையல் நீண்டுடும், மெதுவாப் போனா எறும்பு வரிசை மாதிரி குட்டிக் குட்டியா விழும்.

அடுத்த கணக்கு. புள்ளிக்குப் புள்ளி சுமார் ஒரு இஞ்ச் இடைவெளி. 36-க்கு 40-னா கிட்டத்தட்ட 1,400 புள்ளி. ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு வளையம் ஒன்றரை இஞ்ச், அங்கேருந்து அடுத்ததுக்குப் போக ஒரு இஞ்ச். மொத்தம் 3,500 இஞ்ச் தையல். நொடிக்கு ஒரு இஞ்ச்னா ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அட, இவ்வளவுதானான்னு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் 3,500-ஐ 10-ஆல பெருக்கினேன். 35,000 தையல். அதாவது 35,000 ஓட்டை.

அம்மாச்சி சேலையில 35,000 ஓட்டை. அதுவும் உதறினாலே கிழியற சேலையில. புதுத்துணியா இருந்தா தையலைப் பிரிச்சுட்டு, துணியை நகத்தால தடவி விட்டா ஓட்டை மூடிக்கும். நைஞ்ச பருத்தியில மூடாது. பிரிச்ச இடம் சல்லடையா நிக்கும். சாஃப்ட்வேர்ல நமக்கு எவ்வளவு சொகுசு பாருங்க, பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். இங்க அந்த பட்டன் கிடையாது. கடைக்குப் போய் இன்னொரு சேலை வாங்கிடலாம், இன்னொரு அம்மாச்சி சேலை வாங்க முடியாது.

அதனால முதல்ல காடாத் துணி (இங்க மஸ்லின்னு விக்கிறான்) ரெண்டு துண்டுக்கு நடுவுல பேட்டிங் வெச்சு, ஒரு அடிக்கு ஒரு அடி பயிற்சி சதுரங்களாப் பத்து பண்ணிக்கிட்டேன். முதல் சதுரத்துல எல்லாருக்கும் வர்றதுதான் எனக்கும் வந்தது. நேராப் போறப்ப பரவாயில்ல, வளைவு வந்ததும் கை தன்னை அறியாம வேகம் எடுக்குது. திருப்பிப் பார்த்தா அடிப்பக்கம் ஒவ்வொரு வளைவுலயும் நூல் கண்ணிமை மாதிரி வரிசையா நீட்டிக்கிட்டு நிக்குது. இங்க அதுக்குப் பேரே கண்ணிமைதான். அடி நூல் வளைவோட குறுக்கு வழியில நேரா ஓடப் பார்க்கும், மேல் நூலும் அது கூடவே கீழ இழுபடும். டென்ஷனைச் சரி பண்ணினா கொஞ்சம் குறையும் (மெஷினோட டென்ஷனைச் சொல்றேன், என்னோடது குறையல). ஆனா முழு மருந்து, வளைவுல கையை நிதானிக்கிறதுதான்.

அஞ்சாவது சதுரம் தைச்சுட்டு இருந்தப்போ அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாங்க. அக்காவுக்கு அன்னிக்குச் செக்கப், மாமா கூட்டிட்டுப் போயிருந்தார். காபி டம்ளரோட என் பின்னாடி வந்து நின்னு ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க.

"என்னடா பல்லை இறக்கிட்டா தைக்கிற?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பல்லுன்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"இது மிஷின் எம்பிராய்டரிடா. பன்னெண்டாவது முடிச்சுட்டு சும்மா இருந்தப்ப அம்மாச்சி என்னைய தையல் கிளாஸ்ல சேத்து விட்டாங்க. கடைசி மூணு மாசம் இதான். பல்லை இறக்கிட்டு, காலைக் கழட்டிட்டு, துணியை வட்ட ஃப்ரேமுல டைட்டா மாட்டி, கையால ஓட்டணும். பூ, மயிலு, தலைகாணி உறையில 'குட் நைட்'டு... எல்லாம் போட்டிருக்கேன்."

மக்களே, அந்தக் 'குட் நைட்' தலைகாணி உறையில படுத்துத்தான் நான் வளர்ந்தேன்! அது கடையில வாங்கினதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். இங்க வந்து, கோர்ஸ் வீடியோ எல்லாம் பார்த்து, தனியா ஒரு காலுக்கு டாலர் கொடுத்து நான் கத்துக்கிற இந்தப் 'புது' டெக்னிக்கை, 1980கள் கடைசியில மதுரையில ஒரு மாடி ரூம்ல, காலால மிதிக்கிற மிஷின்ல எங்கம்மா கத்து முடிச்சிருக்காங்க. வித்தியாசம் ரெண்டுதான். எம்பிராய்டரிக்கு ஒத்தைத் துணி, அது சுருங்காம இருக்க ஃப்ரேம் வேணும். ஃப்ரேம் துணியை விறைப்பாப் பிடிச்சுக்கறதால கால் தேவையில்ல. குவில்ட்டுக்கு நடுவுல இருக்கிற பஞ்சே விறைப்புக் கொடுக்குது, அதனால ஃப்ரேம் வேண்டாம், கால் வேணும். அடிப்படை ஒண்ணேதான்.

"எந்திரி, நான் பாக்குறேன்"னு உட்கார்ந்தாங்க. மோட்டார் மிஷின் அம்மாவுக்குப் புதுசு. பெடலை லேசா அமுக்கினதுக்கே 'டர்ர்ர்'னு ஓடினதும் காலை எடுத்துட்டாங்க. "இது என்னடா பேய் மாதிரி ஓடுது. மிதிக்கிற மிஷினுன்னா காலே தாளம் போடும், கை அதக் கேட்டு ஓடும்." ஸ்லைடரைப் பாதிக்குக் குறைச்சு வெச்சேன். அப்புறம் ஒரு பத்து நிமிஷம். காடாத் துணியில ஒரு கொடி வந்துச்சு, ரெண்டு இலை வந்துச்சு, ஒரு அஞ்சிதழ்ப் பூ வந்துச்சு. முப்பத்து சொச்சம் வருஷத்துக்கு அப்புறம். அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஒரு கண்ணிமை கூட இல்ல.

அன்னிக்கு அம்மா சொன்ன மூணு விஷயம் எந்த வீடியோவுலயும் எனக்கு இவ்வளவு சுலபமாப் புரியல. ஒண்ணு, "ஊசியப் பாக்காத, போற எடத்தப் பாரு." சைக்கிள் ஓட்டறவன் முன் சக்கரத்தையா பார்க்கிறான்? ரெண்டு, "காலு ஒரே சீரா இருக்கட்டும், கையிதான் வேகத்த மாத்தணும்." ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எது எதைக் கெடுக்குதுன்னு தெரியாது (டீபக் பண்றவங்களுக்கு இது நல்லாப் புரியும்). மூணு, "நிறுத்தணும்னா ஊசிய துணிக்குள்ள விட்டுட்டு நிறுத்து." கையை இடம் மாத்திப் பிடிக்கிறப்ப துணி நகராம ஊசியே ஆணி மாதிரி பிடிச்சுக்கும்.

மிச்சம் இருந்த அஞ்சு சதுரத்தையும் இந்த மூணையும் வெச்சு ஓட்டினேன். பத்தாவதுல நொடிக்கு ஒரு இஞ்ச்ங்கிற கணக்கு மறந்தே போச்சு. மோட்டார் சத்தத்தைக் கேட்டே கைக்குத் தெரியுது. அதுக்கப்புறம்தான் சேலை.

சேலைக்குப் பண்ணின முன்னேற்பாடு எல்லாம் சொல்லிடறேன், யாராவது பாட்டி சேலையை வெச்சுக்கிட்டு யோசிச்சிட்டு இருந்தா உதவும். முதல்ல ஈர வெள்ளைத் துணியால சேலையில அழுத்தி ஒத்தி, சாயம் இறங்குதான்னு பார்த்தேன், இறங்கல. மடிப்புக் கோடுகளைத் தவிர்த்து நல்ல பகுதியைத் தேர்ந்தெடுத்தேன், வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா எங்க நைஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். அதோட அடிப்பக்கம், மெல்லிசா நெய்த, அயர்ன் பண்ணினா ஒட்டிக்கிற இன்டர்ஃபேசிங். இனிமே ஊசி குத்தற இடத்துல இழுப்பைத் தாங்கறது சேலை மட்டும் இல்ல, அந்தப் புதுத் துணியும்தான். ஊசி 80-ம் நம்பர். தையல் ஊசி நம்பர்ங்கறது தடிமன்தான், 80-ன்னா 0.80 மில்லிமீட்டர். வழக்கமா குவில்ட்டுக்குப் போடுற 90-ஐ விட ஓட்டை சின்னது. அதுக்குத் தோதா மெல்லிசான 50 நம்பர் பருத்தி நூல், பச்சையிலயே. அப்புறம் மூணு அடுக்கையும் தரையில விரிச்சு, கைமுஷ்டி அகலத்துக்கு ஒரு ஊக்குன்னு நூத்துச் சொச்சம் ஊக்கு குத்தினேன்.

இது சின்ன குவில்ட்டா இருந்தது எவ்வளவு வசதின்னு தைக்கிறப்பத்தான் புரிஞ்சது. வீட்டு மெஷின்ல ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவுல ஏழு இஞ்ச் இருந்தா பெரிய விஷயம். கட்டில் அளவு குவில்ட்டுன்னா அதைச் சுருட்டி அந்த ஏழு இஞ்சுக்குள்ள திணிச்சு நகர்த்தணும். எடை கையை இழுக்கும், கை வேகம் மாறும், தையல் மாறும். குழந்தை குவில்ட்டுன்னா மேசை மேலயே முழுசா உட்கார்ந்துக்கும். புதுசா ஃப்ரீ மோஷன் பழகறவங்க சின்னதுல ஆரம்பிங்கன்னு எல்லாரும் சொல்றதுக்கு இதான் காரணம்.

நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமாப் போகணும், சுருக்கம் இருந்தா ஓரத்துக்குத் தள்ளிட்டுப் போயிடலாம். முதல் புள்ளியைச் சுத்தி முதல் வளையம் போடறப்ப மூச்சு விட்டேனான்னு ஞாபகம் இல்ல. துணி தாங்கிச்சு. ரெண்டாவது. மூணாவது. ஒரு நூறு புள்ளி தாண்டினதும் ஒண்ணு கவனிச்சேன். தூரத்துலேர்ந்து பார்க்க அந்தப் புள்ளிங்க கட்டம் போட்ட நோட்டு மாதிரி வரிசையா இருக்கும். கிட்டத்துல போனா அப்படி இல்ல. ஒண்ணு நூலிழை தள்ளி இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு கடுகு. ஒரு ஓரத்துல வரிசை மெதுவா மேல ஏறிட்டு மறுபடி இறங்குது.

சுங்குடி எப்படிப் பண்றாங்கன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மதுரை சௌராஷ்டிர சமூகத்தோட கைவேலை, 2005-ல புவிசார் குறியீடு வாங்கினது. இப்போ மெழுகு அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட்னு நிறைய வந்தாச்சு. ஆனா பழைய முறையில துணியைச் சின்னதாக் கிள்ளி எடுத்து நூலால இறுக்கிக் கட்டி முடிச்சுப் போடுவாங்க. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. அப்படியே சாயத்துல முக்கினா, கட்டின இடத்துல சாயம் ஏறாம வெள்ளையா நிக்கும். அந்த முடிச்சுகளைப் பெரும்பாலும் வீட்டுல உட்கார்ந்து பெண்கள்தான் போட்டாங்க. அம்மாச்சி சேலை அந்த ரகம். ஆக, நான் மெஷினை வெச்சுக்கிட்டுச் சுத்தினது வெறும் புள்ளியை இல்ல. முகம் தெரியாத ஒரு அம்மா விரலால கிள்ளின இடம் ஒவ்வொண்ணையும். அவங்க கை எங்கெல்லாம் நூலிழை தள்ளிச்சோ, என் கையும் அங்கெல்லாம் தள்ள வேண்டியிருந்தது. பல்லு மாட்டின மெஷினா இருந்தா தன் பாட்டுக்கு நேராப் போயிருக்கும்.

குவில்ட் உலகத்துல ஒரு பழைய சண்டை உண்டு. கையால ஊசி நூல் வெச்சுக் குவில்ட் பண்றதுதான் நிஜம், மெஷின்ல பண்றது மட்டம்னு. இத்தனைக்கும் எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினது 1846-ல. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் போட்டிகள்ல பெரிய மரியாதை கைத்தையலுக்குத்தான். 1980கள்ல ஹாரியட் ஹார்கிரேவ் மாதிரி ஆட்கள் வீட்டு மெஷின்லயே நேர்த்தியான ஃப்ரீ மோஷன் பண்ணலாம்னு ஊர் ஊராக் கத்துக் கொடுத்தாங்க. 1989-ல கென்டக்கி மாநிலத்துல படூக்கா ஊர்ல நடக்கிற பெரிய போட்டியில, கேரில் பிரையர் ஃபாலர்ட் தைச்ச சூரிய கிரகணக் குவில்ட்டுக்கு முதல் பரிசு கிடைச்சுது. மெஷின்ல குவில்ட் பண்ணின ஒண்ணு அங்க உச்சப் பரிசு வாங்கினது அதான் முதல் தடவை. அந்தக் குவில்ட் இப்போ அதே ஊர் தேசிய குவில்ட் அருங்காட்சியகத்துல இருக்கு. பரிசு கிடைச்சப்ப நிறைய பேருக்குப் பொறுக்கலையாம்.

நான் கத்துக்குட்டி, என் கருத்துக்குப் பெரிய மதிப்பு இல்ல. ஆனா 1,400 புள்ளி சுத்தினவன்ங்கற உரிமையில சொல்றேன், அந்தச் சண்டையே தப்பான இடத்துல நடக்குது. ஃப்ரீ மோஷன்ல மெஷின் கிட்டேருந்து முடிவெடுக்கிற வேலையைப் பிடுங்கிட்டோம். திசை நம்மது, நீளம் நம்மது, வளைவு நம்மது. மெஷின் குத்தறதோட சரி. மிச்சமெல்லாம் கைத்தையல்தான், கொஞ்சம் வேகமான கைத்தையல். இப்போ சில மெஷின்கள்ல, நம்ம ஆப்டிகல் மவுஸ் மாதிரி துணி நகர்றதைக் கண்காணிச்சு, கை வேகத்துக்கு ஏத்த மாதிரி ஊசி வேகத்தையும் மாத்தற சென்சார் வந்தாச்சு. நல்ல விஷயம்தான், வேண்டாங்கல. எனக்கு அந்தக் காசுக்கு அம்மா இருந்தாங்க.

ஒரு மணி நேரம்னு போட்ட எஸ்டிமேட் நாலு சாயங்காலம் ஆச்சு (நம்ம எஸ்டிமேட் எது சரியா இருந்திருக்கு?). கீழ் வலது மூலையில ஒரு சாண் அளவு இடத்தை அம்மாவுக்குன்னு விட்டு வெச்சிருந்தேன். அக்கா ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்து உட்கார்ந்து தைச்சுக் கொடுத்தாங்க. அந்த மூலையையும் மத்த இடத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா ரெண்டு கையெழுத்துன்னு குழந்தைக்கே தெரியும். என்னோடது வட்டம். அம்மாவோடது, ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் அஞ்சிதழ்ப் பூ.

ஓரத்துக்குச் சேலையோட அரக்குக் கரையையே கிழிசல் இல்லாத இடமாப் பார்த்து எடுத்து, ஒட்டுப் போட்டு, பைண்டிங்கா மடிச்சுத் தைச்சாச்சு. மொத்தக் குவில்ட்டையும் ஒரு தடவை தண்ணியில போட்டு எடுத்ததும் பருத்திப் பஞ்சு கொஞ்சம் சுருங்கி, ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவுல புள்ளி உப்பிக்கிட்டு வந்துச்சு. கண்ணை மூடிட்டுத் தடவினாக் கூட எங்க புள்ளின்னு தெரியும். ஓட்டையில கிழியல, இழை பிரியல. அம்மா ரெண்டு கையாலயும் பிடிச்சு நல்லா உதறினாங்க. நான் காதை மூடிக்கத் தயாரா இருந்தேன். ஒரு சத்தமும் இல்ல.

"முன்ன விட இப்பத்தாண்டா கெட்டியா இருக்கு"ன்னாங்க.

யோசிச்சா நியாயம்தான். பீரோவுல பத்திரமா மடிச்சு வெச்ச சேலை தானாக் கிழிஞ்சுது. 35,000 ஓட்டை போட்ட சேலை நிக்குது. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஒரு நூல் போய், கீழ இருக்கிற துணியைப் பிடிச்சுட்டு வருதே, அதுதான் விஷயம். அம்மாச்சியே பழைய சேலைகளை நாலு அடுக்கா அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு எங்களுக்கு விரிப்பு பண்ணுவாங்களாம், அம்மா அப்போதான் சொன்னாங்க. அவங்க தன் சேலையைத் தானே வெட்டியிருப்பாங்க. நாமதான் தொட பயந்துட்டு இருந்திருக்கோம்.

பாப்பா பிறந்தாச்சு. பொண்ணு. குப்புறப் போட்டுப் பழக்கறப்ப, ஹால்ல அந்த விரிப்பு மேலதான் விடறாங்க. அன்னிக்கு அந்த அஞ்சிதழ்ப் பூ மூலையைக் கையில பிடிச்சு வாயில வெச்சுக்கிட்டா. ஊர்ல எங்கயோ பரண் மேல இருக்கிற மிதி மிஷினை இறக்கி எண்ணெய் போட்டுட்டதா அம்மா போன வாரம் போன்ல சொன்னாங்க. மிச்சம் இருக்கிற சேலையைக் கையோட கொண்டு போயிருக்காங்க. "ஒனக்குக் கல்யாணம் ஆகி ஒரு கொழந்த வரட்டும், அதுக்கு நான் தைக்கிறேன்"னாங்க.

பேச்சு எங்க சுத்தி எங்க வந்து நிக்குது பாருங்க மக்களே. இதுக்கு மேல இங்க இருந்தா ஜாதகம் வந்துடும். உத்தரவு வாங்கிக்கிறேன் :-)

பி.கு. 1: குவில்ட்டைத் தொட்டிலுக்குள்ள போடாதீங்க. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தை தூங்கற இடத்துல போர்வை, தலைகாணி, மெத்து மெத்துனு எதுவும் இருக்கக் கூடாதுன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுது, மூச்சு அடைச்சுக்கற ஆபத்து. முழிச்சிருக்கிறப்ப, பெரியவங்க பக்கத்துல இருக்கிறப்ப, தரையில மட்டும்.

பி.கு. 2: உங்க வீட்டு பீரோவுல ஒரே மடிப்புல இருக்கிற சேலையை இன்னிக்கே எடுத்து வேற மாதிரி மடிச்சு வைங்க. தைக்கிறீங்களோ இல்லையோ, இதை மட்டுமாவது செய்யுங்க.